அரசர் நிறுத்திய பாட்டு

"மன்னிப்புக் கேட்டாச்சு தாயி. ஆனா நெஞ்சு ஆறமாட்டேங்குது" என்றார் அரசர்.

பிச்சியம்மை திரும்பிப் பார்க்கவில்லை. சுரைக்கொடியின் நுனியைப் பந்தல் குச்சியில் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு கேட்டது?"

"நான்தான்."

"எங்க வச்சு?"

"சபையில. ஊரறிய. தலைப்பாகையைக் கழற்றி வச்சுட்டு, வெறுங்காலோட நின்னு கேட்டேன்."

"ஊரு என்ன சொல்லுச்சு?"

"அழுதுச்சு."

"ம்" என்றாள் அவள். அடுத்த கொடியைப் பிடித்தாள்.

ஆனைவரை நாட்டு அரசர் திருமலைக்கொழுந்துக்கு அப்போது தலை முழுக்க நரைத்திருந்தது. பிச்சியம்மை அவரைவிட நன்றாக இளையவள். ஆற்றங்கரை மேட்டில் ஒரு குடிசை, ஒரு சுரைப்பந்தல், சில ஆடுகள். எங்கிருந்து வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. ஞானி என்று சொன்னார்கள். கிறுக்கு என்றும் சொன்னார்கள்.

அரசர் முதன்முதலில் அவளைப் பார்க்க வந்தபோது, "இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க" என்று ஆட்டுக்கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு எங்கோ போய்விட்டாள். வெயில் தாழும்வரை அவர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து அவளை விடவில்லை. அரண்மனையில் அவர் வாய் திறப்பதற்கு முன்பே எல்லோரும் தலையாட்டினார்கள். இங்கே ஆடுகள்கூட ஆட்டுவதில்லை.

அவர் லேசுப்பட்டவர் இல்லை.

வடக்கிலிருந்து படை வந்து கோட்டையை வளைத்துக்கொண்ட கோடையில், அரண்மனைக் களஞ்சியத்தை ஊருக்குத் திறந்துவிட்டார். ஊர் குடித்த கஞ்சியையே தானும் குடித்தார். தண்ணீர்க் குடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு மதில் ஏறி, காவலுக்கு நின்றவர்களுக்குத் தன் கையால் வார்த்தார். கோட்டை விழவில்லை. அதற்குப் பிறகு குளம் வெட்டினார், சாலை போட்டார், சாலைக்கு இரண்டு பக்கமும் மரம் வைத்தார். ஆனைவரையில் எந்தத் தெருவில் நின்று "கொழுந்து" என்று கூப்பிட்டாலும் யாராவது ஒரு பிள்ளை "என்ன?" என்று எட்டிப்பார்க்கும்.

அந்தக் கோடையில்தான் அந்தத் தப்பையும் செய்தார்.

பூவுலிங்கம் அவருடைய படைத்தலைவன். அதற்கும் முன்னால் சிநேகிதன். ஒரே களத்தில் சிலம்பம் பழகி, ஒரே மரத்திலிருந்து விழுந்து, ஆளுக்கொரு கையை ஒடித்துக்கொண்டவர்கள்.

முற்றுகை நீண்டுகொண்டே போனபோது பூவுலிங்கம் சொன்னான்: "கைப்பிள்ளைக்காரிகளை மட்டும் வெளியே விடச்சொல்லி அவங்ககிட்ட கேட்டுப் பார்ப்போம்."

"அவன்கிட்ட நான் எதையும் கேக்க மாட்டேன்" என்றார் அரசர்.

பூவுலிங்கம் தானே போனான். யாரிடமும் சொல்லாமல் போய், திரும்பி வரும்போது காவலில் அகப்பட்டுக்கொண்டான். எதிரியின் பாசறையிலிருந்து வந்தான் என்பது போதுமாக இருந்தது. ஏன் போனாய் என்று அரசர் கேட்கவே இல்லை. தலையை எடுக்கவேண்டும் என்றது சபை. உயிரை விட்டுவிடுகிறேன் என்றார் அரசர். அவருடைய இரக்கத்தை எல்லோரும் மெச்சினார்கள்.

முற்றுகை விலகியதும், பூவுலிங்கத்தின் தலையை மழித்து, முகத்தில் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் வால்பக்கம் பார்க்க உட்காரவைத்து, ஊரைச் சுற்றி ஓட்டினார்கள். அவன் மனைவி சண்பகவல்லி பின்னாலேயே நடந்து போனாள். ஆற்றைத் தாண்டி வடகரையில் எங்கோ இருவரும் மறைந்துபோனார்கள்.

ஆண்டுகள் போயின. பகை தீர்ந்தது. அரசரின் மகள் கல்யாணத்துக்கு, முன்பு கோட்டையை வளைத்த சேனாதிபதியே விருந்தாளியாக வந்தார். கிழவராகியிருந்தார். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது சொன்னார்:

"அன்னைக்கு உங்க ஆள் ஒருத்தன் வந்தானே. பிள்ளைக்காரிகளை மட்டும் விட்டுடுங்கன்னு கேட்டான். முடியாதுன்னு சொன்னோம். எங்க முன்னாலயே காறித் துப்பிட்டுப் போனான். நல்ல ஆம்பளை. இருக்கானா?"

அரசர் கையில் இருந்த வெற்றிலை மடிக்கப்படாமலே இருந்தது.

அதற்குப் பிறகுதான் சபையைக் கூட்டினார். நிரபராதியை அவமானப்படுத்தினேன், நான் பாவி என்று சொல்லி அழுதார். சபை அழுதது. ஊர் அழுதது. அவைப்புலவர் சொக்கேசன் அதைப் பாட்டாகக் கட்டினார். திருவிழாக்களில் அந்தப் பாட்டு இல்லாமல் விடிவதில்லை என்றாகிவிட்டது. இப்படி ஓர் அரசன் உண்டா என்று பக்கத்து நாடுகளில்கூடப் பேசிக்கொண்டார்கள்.

"பூவுலிங்கம் காக்கைமேட்டுல இருக்கான்னு விசாரிச்சுப் பல்லக்கு அனுப்பினேன் தாயி. பழைய பதவி, பட்டாடை, எல்லாத்தையும் வச்சு அனுப்பினேன். பல்லக்கு காலியாத் திரும்பி வந்துருச்சு. சுகமா இருக்கோம்னு மட்டும் சொல்லிவிட்டிருக்கான். நான் இவ்வளவு இறங்கி வந்தும் அவனுக்கு மனசு வரலையே."

பிச்சியம்மை கையைத் தட்டிக்கொண்டு பந்தலை விட்டு வந்தாள். அரசருக்கு எதிரே நின்றாள். குதிகாலைத் தூக்கி அவருடைய வலது பாதத்தின்மேல் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

அரசருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

அவள் அவரை ஏறிட்டும் பார்க்காமல் நேரே ஆடுகளிடம் போனாள். கையைக் கூப்பினாள்.

"மிதிச்சுட்டேன். பெரிய தப்புப் பண்ணிட்டேன். பொறுத்துக்கணும்."

அவள் கண்ணில் நிஜமாகவே நீர் நின்றது. ஆடுகள் அவளைப் பார்த்துக்கொண்டு அசைபோட்டன.

அரசர் சிரித்தார். "தாயி, காலு இங்க இருக்கு."

சொன்ன பிறகு சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

*

அங்கிருந்தே கிளம்பிவிட்டார். கால் நொண்டியது.

அரசர் வடகரைக்குப் போகிறார் என்ற செய்தி அவரைவிட வேகமாகப் போயிற்று. துறைக்கு வருவதற்குள் அமைச்சர் வந்துவிட்டார். அமைச்சருக்குப் பின்னால் குடை வந்தது, குடைக்குப் பின்னால் மேளம் வந்தது. சொக்கேசனும் வந்து சேர்ந்தார். சரித்திரம் நடக்கும்போது புலவன் வீட்டில் இருக்கலாமா என்று மூச்சிரைக்கக் கேட்டார்.

வேண்டாம் என்று அரசர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவருடைய கண்ணுக்கு, அவர்கள் ஆசையாகத்தான் வந்திருந்தார்கள்.

காக்கைமேடு சின்ன ஊர். அரசரையே பார்த்திராத ஊர். பெண்கள் ஓடிவந்து ஆரத்தி எடுத்தார்கள். ஊர்க்கோடியில் இருந்த பூவுலிங்கத்தின் வீட்டு முன்னால் கூட்டம் நெரிந்தது.

கதவு சாத்தியிருந்தது.

யாரோ பாட்டை எடுத்துக்கொடுத்தார்கள். கூட்டம் சேர்ந்துகொண்டது.

மொட்டைத் தலையும் புள்ளி முகமும்
கழுதை மேலே போச்சுதே – அதை
எண்ணிய மன்னன் கண்ணுக் குள்ளே
கங்கை பெருக லாச்சுதே.

அரசரின் கண்ணிலும் பெருகியது. அதைப் பார்த்துக் கூட்டம் இன்னும் உருகிப் பாடியது. சாத்திய கதவுக்கு முன்னால் ஒரு பேரரசர் கைகூப்பி நின்று அழுத காட்சியைச் சொக்கேசன் ஒரு பக்கமாக நின்று மனதில் பதித்துக்கொண்டார்.

கதவு திறக்கவில்லை. வீட்டில் ஆளில்லை போலிருக்கிறது என்றார் அமைச்சர்.

திரும்பும்போதுதான் அரசர் கவனித்தார். கதவில் வெளிப்பக்கம் பூட்டு இல்லை. தாழ் உள்ளே இருந்து போட்டிருந்தது.

*

"போனேன் தாயி. நேராவே போனேன். கதவைத் திறக்கலை. உள்ளதான் இருந்திருக்கான்."

பிச்சியம்மை ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னமோ பாட்டு இருக்காமே ராசா. எனக்கு யாரும் பாடிக் காட்டலை."

"சொக்கேசனை வரச்சொல்லட்டுமா?"

"எதுக்கு? உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். முதலிலிருந்து கடைசி வரை தெரியும். அரசர் சற்றுக் கூச்சத்தோடு தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார். அவருக்கு நல்ல குரல். பிச்சியம்மை குழையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து கேட்டாள்.

"நல்லாயிருக்கு. ராசா எவ்வளவு அழகா அழுறாரு" என்றாள்.

அரசர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"கழுதை வருமே, அந்த அடியை மட்டும் இன்னொரு தடவை."

பாடினார்.

"பின்னால நடந்து போனாளே ஒருத்தி. அவ எப்ப வருவா?"

"பாட்டுலயா?"

"பாட்டுலதான்."

அரசர் மனதுக்குள் பாட்டை ஓட்டிப் பார்த்தார். "அவ வரலை" என்றார்.

"ஓ. அன்னைக்கு நீங்க மேல்மாடத்துல நின்னு பாத்தீங்கதானே?"

"பாத்தேன்."

"என்ன நெறத்துல சேலை கட்டியிருந்தா?"

அரசருக்குக் கழுதை ஞாபகம் இருந்தது. அதன் ஒரு காது மடங்கியிருந்ததுகூட ஞாபகம் இருந்தது. கூட்டம், புழுதி, யாரோ எறிந்த சாணி எல்லாம் ஞாபகம் இருந்தது. சேலை ஞாபகம் இல்லை.

"தெரியலையே தாயி."

"கேட்டுட்டு வாங்க" என்றாள் பிச்சியம்மை. குழையைப் பொறுக்கிக்கொண்டு ஆடுகளிடம் போய்விட்டாள்.

*

மறுநாள் உச்சிவெயிலில், தலைவலி, யாரும் அறைப்பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, அரசர் தோட்டத்து வழியாக வெளியேறினார். ஆற்றில் முழங்காலளவுதான் தண்ணீர். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கி நடந்தார். வழுக்கி ஒருமுறை உட்கார்ந்தும்விட்டார். பார்க்க ஆளில்லை.

காக்கைமேடு வெயிலுக்குப் பயந்து உள்ளே கிடந்தது.

இந்த முறை கதவு திறந்திருந்தது. வேப்பமர நிழலில் சண்பகவல்லி சாக்கை விரித்து உட்கார்ந்து, புளியம்பழத்தை உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. கையும் நிற்கவில்லை.

"அவரு வயலுக்குப் போயிருக்காரு" என்றாள்.

"உன்னைத்தான் பாக்க வந்தேன் தங்கச்சி."

அவள் அடுத்த பழத்தை எடுத்தாள். அரசர் கொஞ்ச நேரம் நின்றார். யாரும் உட்காரச் சொல்லாமல் உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை. பிறகு சாக்கின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தார்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு வரவில்லை. ஒரு புளியம்பழத்தை எடுத்து ஓட்டை உடைத்தார். இன்னொன்றை எடுத்தார்.

"கொட்டையோட போடுறீங்க" என்றாள் சண்பகவல்லி.

போட்டதைத் திரும்ப எடுத்துக் கொட்டையை நீக்கினார்.

"தங்கச்சி. அன்னைக்கு நீ என்ன நெறத்துல சேலை கட்டியிருந்தே?"

அவள் கை நின்றது.

"இதைக் கேக்கவா வந்தீங்க?"

"ஆமா. எனக்கு ஞாபகம் வரலை."

சண்பகவல்லி கையிலிருந்த பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அரக்கு. என் கூறைச்சேலை."

"கல்யாணச் சேலையா?"

"கழுதைமேல அவரை வால்பக்கம் பாக்க உக்கார வச்சிருந்தீங்க. ஊரைச் சுத்தி முடிக்கிற வரைக்கும் அவரு கண்ணுக்கு நான் ஒருத்திதான் தெரிவேன். பாக்குறதுக்கு ஏதாவது நல்லதா இருக்கட்டுமேன்னு எடுத்துக் கட்டினேன்."

வேப்பமரத்தில் ஒரு காக்கை இடம் மாறி உட்கார்ந்தது.

"அவரு என்னைப் பாத்துக்கிட்டே வந்தாரு. நான் அவரைப் பாத்துக்கிட்டே நடந்தேன். வேற யாரையும் நாங்க பாக்கலை. ஆத்தைத் தாண்டினதும் முகத்தைக் கழுவிவிட்டேன். வெள்ளத்துல நிலம் போயிருச்சு, பிழைக்க வந்திருக்கோம்னு இந்த ஊர்ல சொல்லிக்கிட்டோம். பொண்ணைக் கட்டிக்கொடுத்தோம். அவரை இங்க எல்லாரும் மரியாதையா வச்சிருந்தாங்க. கழுதை விசயம் இந்தக் கரையில ஒருத்தருக்கும் தெரியாம இருந்துச்சு."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"போன மாசம் திருவிழாவுக்குப் போயிட்டு வந்த பேத்தி வாசல்ல பாடிக்கிட்டே விளையாடுறா. மொட்டைத் தலையும் புள்ளி முகமும். தாத்தாகிட்ட ஓடிவந்து, பாட்டுல வர்ற பூவுலிங்கம் நீதானா தாத்தான்னு கேக்குறா. பிள்ளை பெருமையாத்தான் கேட்டா. அவரு துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு வயலுக்குப் போயிட்டாரு. அன்னையிலிருந்து பேச்சுக் குறைஞ்சுபோச்சு."

அரசர் கையிலிருந்த புளியை நசுக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஒரு நாள்தான் அவரைக் கழுதையில ஏத்தினீங்க" என்றாள் சண்பகவல்லி. "இப்ப திருவிழாவுக்குத் திருவிழா ஏறுறாரு."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. முன்பு வந்த நாளில் அந்தக் கதவுக்கு வெளியே நின்று தான் பாடக்கேட்டு அழுததும், உள்ளே இவர்கள் இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் அவருக்கு ஒன்றாகத் தெரிந்தன. முகத்தைத் துடைத்துக்கொண்டார். கையிலிருந்த புளி கண்ணில் பட்டு எரிந்தது.

"கண்ணைக் கசக்காதீங்க" என்று அவள் எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போது பூவுலிங்கம் வந்தான். தோளில் மண்வெட்டி. முதுகு லேசாக வளைந்திருந்தது. அரசரைப் பார்த்ததும் மண்வெட்டியை இறக்கி வைத்தான்.

அரசர் எழுந்தார். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தப்புப் பண்ணிட்டேன் பூவுலிங்கம்."

அவ்வளவுதான் வந்தது.

பூவுலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "சாப்பிட்டீங்களா அரசே?"

"இல்லை."

சண்பகவல்லி கம்மங்கூழ் கரைத்துக் கொடுத்தாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தார்கள்.

"மன்னிக்கிறது, மன்னிக்காதது எல்லாம் எனக்கு விளங்க மாட்டேங்குது" என்றான் பூவுலிங்கம். "கழுதைகூட பெருசில்லை அரசே. ஏன்டா போனேன்னு நீங்க ஒரு வார்த்தை கேக்கலையே."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பே."

"சொல்லியிருப்பேன். நீங்க நம்பியிருக்க மாட்டீங்க."

அரசர் யோசித்தார். இல்லை, நம்பியிருப்பேன் என்று சொல்ல வாய் துடித்தது.

"நம்பியிருக்க மாட்டேன்" என்றார். "எதிரிகிட்ட போய்க் கேட்டுட்டியேங்கிறதுதான் என் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும்."

பூவுலிங்கம் அவரைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பகலில் அவரை அவன் சரியாகப் பார்த்தது அப்போதுதான்.

"ஊர் முன்னால உனக்கு நான் என்ன செய்யணும்? சொல்லு."

"ஊர் முன்னால ஒண்ணும் வேண்டாம். ஊர் முன்னால நடந்ததே போதும்."

அரசர் சண்பகவல்லியைப் பார்த்தார். "பாட்டை நிறுத்திடுறேன் தங்கச்சி."

"நிறுத்தினா உங்களைத்தான் ஒரு மாதிரி பேசுவாங்க."

அரசர் மீதிக் கூழைக் குடித்தார்.

*

தண்டோரா போட்டு நிறுத்த முடியாது. போட்டால், தன் புகழைத் தானே தடுத்த உத்தமன் என்று அதற்கும் ஒரு பாட்டு வந்துவிடும். அரசரே சொக்கேசன் வீட்டுக்குப் போனார்.

விஷயத்தைக் கேட்டதும் புலவருக்கு முகம் வாடிப்போயிற்று. "நான் கட்டினதிலேயே அதுதான் நல்ல பாட்டு அரசே."

"தெரியும். எனக்கு முழுசாப் பாடமாயிருக்கு."

"ஏன்னு கேட்டா என்ன சொல்றது?"

"அரசருக்குப் பிடிக்கலைன்னு சொல்லு."

"அப்படிச் சொன்னா, தலை குனிஞ்சதை நினைச்சு அரசர் இப்ப வெக்கப்படுறாருன்னு நினைப்பாங்க. செருக்குத் திரும்பிருச்சுன்னு பேசுவாங்க."

"பேசட்டும்."

"நிஜக் காரணத்தைச் சொன்னா எல்லாருக்கும் விளங்கிருமே."

"விளங்குறதுக்குக் கழுதைக் கதையை முதல்ல இருந்து சொல்லணும் சொக்கேசா."

புலவர் எதிரே இருந்த ஏட்டுக்கட்டை எடுத்து மூடி வைத்தார். பிறகு சரி என்றார்.

பாடுகிற கூட்டங்களை ஒவ்வொன்றாக அரண்மனைக்குக் கூப்பிட்டு அரசர் அதையே சொன்னார். காரணம் சொல்லவில்லை. முகம் சுளித்தார்கள். ஆனாலும் நிறுத்தினார்கள். சொக்கேசன் சொன்னபடியே நடந்தது. அழுததெல்லாம் வேஷம் என்றார்கள் சிலர். பெரிய இடத்துப் பணிவு ஒரு திருவிழாவுக்குத்தான் தாங்கும் என்றார்கள். பிறகு அந்தப் பேச்சும் ஓய்ந்தது. பாட்டோடு சேர்ந்து, அரசர் சபையில் வெறுங்காலோடு நின்றதும் மெல்ல மறந்துபோயிற்று.

கோட்டை வாசலில் கூட்டம் இப்போதும் வாழ்த்தியது. முன்பிருந்த அந்தக் குழைவு மட்டும் இல்லை.

"சுடுது தாயி" என்றார் அரசர்.

பிச்சியம்மை பந்தலுக்கு அடியில் நின்று காய்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க?"

அரசர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "அகங்காரம் பிடிச்சவன்னு பேசிக்கிறாங்க. காதுல விழும்போது சுருக்குங்குது. கூப்பிட்டு வச்சு எல்லாத்தையும் சொல்லிடலாமான்னு வருது."

"அங்க முன்னாடி ஏதோ ஆறமாட்டேங்குதுன்னு சொன்னீங்களே."

அரசர் தொட்ட கையை எடுக்காமல் யோசித்தார். தேடிப்பார்ப்பதுபோல் சற்று நேரம் அப்படியே நின்றார்.

"அது இப்ப இல்லை" என்றார்.

"பின்ன என்ன ராசா?"

முற்றின சுரைக்காயாகப் பார்த்து இரண்டு பறித்து அவர் கையில் கொடுத்தாள். "ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணை அந்தக் கூறைச்சேலைக்காரிக்குக் கொடுங்க. நான் மிதிச்ச காலு எப்படி இருக்கு?"

"மழைக்கு வலிக்குது."

"வலிக்கட்டும்" என்றாள் பிச்சியம்மை அன்பாக.

*

அரசர் அவ்வப்போது பகல் வேளைகளில் தலைவலி என்று சொல்லிவிட்டு ஆற்றைத் தாண்டிப் போய்வந்தார். சில நாள் பூவுலிங்கம் பேசினான். சில நாள் பேசவில்லை. பேசாத நாளில் அரசர் வரப்பில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார். பட்டாடையையோ பதவியையோ பற்றி மறுபடி யாரும் பேசவில்லை.

தை பிறந்து அறுவடை முடிந்த சமயம். அரண்மனையில் பெரிய விருந்து. தூரதேசத்திலிருந்து ஒரு புலவர் வந்திருந்தார். ஊர் ஊராக நடந்து, அரசர்களைக் கண்டு, இருப்பதை இருப்பதாகச் சொல்லுகிறவர் என்று பேர் எடுத்தவர்.

அன்று பூவுலிங்கமும் சண்பகவல்லியும் நடந்தே வந்து வாசலில் நின்றார்கள். பேத்திக்குக் காதுகுத்து வைத்திருக்கிறோம், வெற்றிலை பாக்கு வைக்க வந்தோம் என்றார்கள். காவலர்களுக்கு அவர்கள் யாரென்று தெரியவில்லை. விருந்து நாளாயிற்றே என்று உள்ளே விட்டு, மண்டபத்தின் கடைசியில் உட்காரவைத்தார்கள்.

அரசர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். எழுந்திருக்கப் போனார். புலவர் பேசத் தொடங்கிவிட்டதால் உட்கார்ந்துவிட்டார்.

"மன்னவா, உன் குளங்களில் நீர் அருந்தினேன்" என்றார் புலவர். "உன் சாலைகளில் நிழலிலேயே நடந்து வந்தேன். முற்றுகைக் காலத்தில் நீ குடம் சுமந்த கதையைக் கேட்டேன். இந்த நாடு உன்னால் வாழ்கிறது. ஆயினும் ஒன்று சொல்வேன், பொறுத்தருள்க. யார் முன்னும் தலை வணங்கத் தெரியாதவர் எங்கள் அரசர் என்று வழியெங்கும் பேசக் கேட்டேன். இத்தனை நிறைவில் அந்த ஒரு குறை எனக்கு உறுத்தியது."

மண்டபத்தில் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது.

அமைச்சர் விருட்டென்று எழுந்தார். "புலவரே, நீங்கள் அறியாமல் பேசுகிறீர்கள். எங்கள் அரசர் இதே மண்டபத்தில்—"

அரசர் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

சொக்கேசன் வாயைத் திறந்து, அரசரின் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டார்.

"வழியெல்லாம் அப்படித்தான் சொல்றாங்களா?" என்று கேட்டார் அரசர்.

"ஆம், மன்னவா."

அரசர் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காது மடல் சிவந்திருந்தது. பதில் வரும் என்று புலவர் காத்திருந்தார். மண்டபமே காத்திருந்தது. பதில் வரவில்லை.

கடைசி வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். எல்லோரும் திரும்பினார்கள். வயல்காட்டு வெயிலில் கறுத்த ஒரு முதியவர், வெற்றிலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி அவருடைய துண்டைப் பிடித்து இழுத்தாள். அவர் கேட்கவில்லை.

"அதை ஏன் கேக்குறீங்க புலவரே" என்றார் பூவுலிங்கம். "சின்ன வயசுல இருந்தே இவன் அப்படித்தான்."